குழந்தைகளோடு வேலை, குழந்தைகளுக்காக வேலை: புதிதாக வருகிறவர்களுக்கு

மழலையர் பள்ளிக்கோ குழந்தை உரிமை அமைப்புக்கோ ஆள் எடுக்கும்போது நாங்கள் கேட்கும் முதல் கேள்வி எளிமையானது: "ஏன் இந்த வேலைக்கு வர நினைக்கிறீர்கள்?" வருகிறவர்களில் பலரும் சொல்லும் பதில், "எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர்." அது பொய்யில்லை. சொல்லும்போதே முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுத்த கேள்விக்கு நிறையப் பேர் தடுமாறிவிடுவார்கள்: "சரி, சமீபத்தில் நீங்கள் கூடவே இருந்து கவனித்த ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லுங்கள். அது என்ன செய்தது?"

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்கள்தான் இந்தத் துறையில் நிலைத்து நிற்கிறார்கள். வகுப்பறையில் இருந்தாலும் சரி, சட்டத் திருத்தம் கேட்டு மனு எழுதும் அலுவலகத்தில் இருந்தாலும் சரி, நம் கையிலிருக்கும் முதலீடு நாம் கண்ணால் பார்த்த குழந்தைகள்தான். அந்த முதலீட்டை எப்படிச் சேர்ப்பது, எந்தப் படிப்பு உதவும், வேலையை எங்கே தேடுவது, எங்கே ஏமாறக்கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்தப் பக்கம் என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம்

ஆரம்பக் குழந்தைப் பருவம் என்றதும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள்தான் பலருக்கு நினைவுக்கு வருவார்கள். உண்மையில் எல்லை இன்னும் பெரியது. ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு 2005-இல் வெளியிட்ட ஏழாவது பொதுக் கருத்துரை, பிறந்தது முதல் 8 வயதுக்குள் உள்ள எல்லோரையும் இதில் சேர்க்கிறது. ஆகவே கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேரில் இருந்து தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்புகள் வரை எல்லாமே இந்தத் துறைதான். வளர்ச்சியில் தாமதம் தெரியும் குழந்தைகளுக்கான பயிற்சி மையங்கள், வீடுதேடிப் போய்ப் பெற்றோரோடு வேலை செய்யும் திட்டங்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, பாடத்திட்டம் எழுதுவது, படப்புத்தகமும் விளையாட்டுப் பொருளும் உருவாக்குவது என்று கிளைகள் நிறைய உண்டு.

குழந்தை உரிமை அமைப்புகளின் பக்கம் இன்னும் கலவையானது. குழந்தைகள் உதவி எண்ணில் அழைப்பை எடுப்பவர், ஒரு குழந்தையின் வழக்கைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடரும் சமூகப் பணியாளர், நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கறிஞர், கொள்கை ஆய்வாளர், புள்ளிவிவரம் பார்ப்பவர், நன்கொடை திரட்டுபவர், கணக்கு எழுதுபவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். இதைப் படிக்கும் கணக்காளர் யாராவது "இது நமக்கில்லை" என்று நினைத்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். நல்ல கணக்காளர் கிடைக்காமல் திண்டாடும் சிறிய அமைப்புகள் ஏராளம்.

இரண்டு பக்கமும் தனித்தனிச் சாலைகள் மாதிரி தெரியலாம். தொடக்கத்தில் இருந்தே அவை பின்னிப் பிணைந்தவை. எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண் கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியராக இருந்து, அது தனக்கு ஒத்துவரவில்லை என்று விட்டவர். முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவில் பட்டினியால் வாடிய குழந்தைகளின் படத்தோடு லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் துண்டறிக்கை கொடுத்ததற்காக 1919-இல் கைதானார். 5 பவுண்டு அபராதம் போட்டார்கள். அதைத் தானே கட்டுவதாக முன்வந்தவர் யார் தெரியுமா? அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞர்! அதே ஆண்டு சகோதரி டோரத்தி பக்ஸ்டனுடன் சேர்ந்து அவர் தொடங்கியதுதான் 'சேவ் த சில்ட்ரன்'. அவர் எழுதிய ஐந்து அம்சக் குழந்தை உரிமைப் பிரகடனத்தை 1924-இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கம் ஏற்றுக்கொண்டது. அந்தக் கோடு நீண்டுபோய்த்தான் 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையாக வந்து நின்றது.

மறுபக்கம், மார்கரெட் மெக்மில்லனும் அவருடைய அக்கா ரேச்சலும். லண்டன் டெப்ட்ஃபோர்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ மையம் நடத்தியவர்கள். பள்ளி வயதுக்கு வருவதற்குள்ளேயே குழந்தைகளின் உடல்நிலை கெட்டிருப்பதைப் பார்த்துத்தான் 1914-இல் அங்கேயே திறந்தவெளி மழலையர் பள்ளியைத் தொடங்கினார்கள். முதலில் அவர்கள் செய்தது பிரசாரம், பிறகு மருத்துவம், கடைசியில் பள்ளி. இந்த இருவரையும் எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வருடம் வகுப்பறையில் இருந்துவிட்டு "நான் தோற்றுவிட்டேன்" என்று வெளியேறும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். வகுப்பறை சரிப்படாமல் போனவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் இருக்கிறது.

2. ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள்

படிப்பில் சேருவதற்கு முன்னால், விண்ணப்பம் போடுவதற்கு முன்னால், செய்ய வேண்டிய வேலை இதுதான். தெரிந்த குழந்தை ஒன்றைப் பெற்றோரின் அனுமதியோடு அரை மணி நேரம் கவனியுங்கள். விளையாட்டுக் காட்டாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். நான் முதன்முதலில் எழுதிய குறிப்பு இப்படி இருந்தது: "புதிதாகச் சேர்ந்த பையன் உள்ளே வராமல் அடம்பிடித்தான். கூச்ச சுபாவம். அம்மா செல்லம்." இதைப் படித்த மூத்த ஆசிரியை ஒரு வார்த்தையும் சொல்லாமல் சிவப்புப் பேனாவால் மூன்று இடங்களில் கோடு போட்டார்: அடம், கூச்சம், செல்லம். "இந்த மூன்றையும் நீ எங்கே பார்த்தாய்?" என்று கேட்டார். மறுநாள் திரும்ப எழுதினேன்.

"காலை 9.05. வாசலில் நிற்கிறான். வலது கை பையின் வாரைப் பிடித்திருக்கிறது. அம்மா போனபோது அழவில்லை. உள்ளே இருக்கும் தண்ணீர்த் தொட்டியையே பார்க்கிறான். இரண்டு பிள்ளைகள் தண்ணீரைக் கீழே கொட்டியபோது ஓரடி முன்னால் வந்தான். ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அந்த ஓரடியைப் பின்னால் எடுத்துக்கொண்டான். 9.17. இன்னும் வாசலில்தான்."

இரண்டு குறிப்புகளும் ஒரே குழந்தையைப் பற்றியவை. முதல் குறிப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதில் அடுத்த நாளைக்கான வேலை இருக்கிறது: கூப்பிடாதே, தண்ணீர்த் தொட்டியை வாசலுக்குப் பக்கத்தில் நகர்த்து. அப்படியே செய்தோம். நான்காம் நாள் காலை, பையைக் கழற்றாமலேயே தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டான்.

குறிப்பு எழுதும்போது நேரத்தைப் போடுங்கள். குழந்தை சொன்ன வார்த்தைகளை, பிழையாக இருந்தாலும், அப்படியே எழுதுங்கள். உங்கள் ஊகத்தை எழுதியே ஆக வேண்டும் என்றால் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். குழந்தையின் உண்மைப் பெயரைப் போடாதீர்கள், ஒரு எழுத்து போதும். இப்படி இருபது குறிப்புகள் சேர்ந்தால், சான்றிதழே இல்லாதபோதும் நேர்காணலில் பேச உங்களிடம் விஷயம் இருக்கும். பின்னாளில் உரிமை அமைப்பில் வழக்குக் குறிப்பு எழுதுவதற்கும் இதே பழக்கம்தான் அடித்தளம். பார்த்ததையும் நினைத்ததையும் கலந்து எழுதிய ஒரு அறிக்கை, வழக்கில் எதிர்த்தரப்பின் கையில் போய்ச் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

3. உடம்பு ஒத்துழைக்கிறதா என்று பாருங்கள்

இந்த வேலை உடல் உழைப்பு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு நாளில் எத்தனை முறை தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறோம் என்று எண்ணவே முடியாது. டயப்பர் மாற்ற வேண்டும், வாந்தியைத் துடைக்க வேண்டும், ஒரே பாட்டைப் பதினைந்தாவது முறையும் முதல் முறை போலவே பாட வேண்டும். முதல் சில மாதங்கள் சளியும் காய்ச்சலும் வந்து வந்து போகும்.

அதனால் இரண்டு வாரமாவது தன்னார்வலராகப் போய்ப் பாருங்கள். நூலகத்தில் கதை சொல்லும் நேரம், விடுமுறை முகாம், மழலையர் பள்ளியின் காலை நேரம் என எது கிடைத்தாலும் சரி. குழந்தைகள் போன பிறகும் ஒரு மணி நேரம் இருங்கள். பொம்மைகளைக் கழுவி, உடைந்த கிரேயான்களைப் பொறுக்கி, நாளைக்கான தாள்களை வெட்டி வைக்கும் அந்த நேரம் உங்களுக்குப் பிடித்திருந்தால் அது நல்ல அறிகுறி.

4. படிப்பு

எந்தக் கோர்ஸ் நல்லது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கோர்ஸின் பெயரைவிட முக்கியமான ஒன்றைக் கேளுங்கள்: குழந்தைகளோடு நேரடியாக எத்தனை மணி நேரம்? அமெரிக்காவில் புதிதாக வருகிறவர்கள் வாங்கும் 'சி.டி.ஏ.' சான்றிதழுக்கு 120 மணி நேரப் படிப்பும், குழந்தைகளோடு 480 மணி நேர அனுபவமும் வேண்டும். ஒன்றுக்கு நான்கு. அந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கையில் இருக்கும் கோர்ஸின் விவரத்தாளைப் பாருங்கள். முழுக்க முழுக்க வீடியோ, கடைசியில் ஒரு தேர்வு, அப்புறம் அழகான சான்றிதழ் என்றால், அறிவுக்காகப் படியுங்கள், வேலைக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

மாண்டிசோரி பயிற்சி எடுக்க நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லோரென்சோ பகுதியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1929-இல் சர்வதேச மாண்டிசோரி சங்கத்தையும் தொடங்கினார். ஆனால் 'மாண்டிசோரி' என்ற பெயரைப் பொதுவாக யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம், தடுக்க ஆள் இல்லை. எனவே பயிற்சி தரும் நிறுவனம் யாரிடம் அங்கீகாரம் பெற்றது, பட்டயம் எந்த வயதுப் பிரிவுக்கானது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். 3 முதல் 6 வயதுக்கான பட்டயத்தை வைத்துக்கொண்டு கைக்குழந்தைகள் பிரிவில் வேலை கேட்க முடியாது.

இன்னொன்று: நீங்கள் வேலை செய்யப்போகும் நாட்டில் அரசு எதைத் தகுதியாக ஏற்கிறது என்பதை அந்த அரசின் கல்வித் துறை அல்லது குழந்தை நலத் துறையின் அறிவிப்பில் நேரடியாகப் பாருங்கள். ஒரு நாட்டின் பட்டயம் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லுபடியாகாது.

உரிமை அமைப்புகளுக்குச் சமூகப் பணி, சட்டம், உளவியல், பொதுச் சுகாதாரம், இதழியல், புள்ளியியல் எதிலிருந்து வந்தாலும் கதவு திறக்கும். எந்தப் பட்டம் இருந்தாலும் இரண்டு ஆவணங்களை முழுமையாகப் படித்துவிட்டுப் போங்கள். ஒன்று, குழந்தை உரிமை உடன்படிக்கை. மொத்தம் 54 பிரிவுகள், ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். பாகுபாடு கூடாது என்னும் 2-ஆம் பிரிவு, குழந்தையின் நலனே முதன்மை என்னும் 3, உயிர்வாழ்வும் வளர்ச்சியும் பற்றிய 6, குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்னும் 12 ஆகிய நான்கும் இந்தத் துறையில் தினசரி பேச்சில் வரும். மற்றொன்று, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உலக வங்கியும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட பேணும் பராமரிப்புச் சட்டகம் (Nurturing Care Framework). உடல்நலம், ஊட்டச்சத்து, குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் பராமரிப்பு, பாதுகாப்பு, தொடக்கக் கற்றல் என்ற ஐந்தும் ஒன்றில்லாமல் ஒன்று நிற்காது என்பதுதான் அதன் சாரம்.

பட்டம் எதுவானாலும் முதலுதவிப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தைகளுக்கான பயிற்சி வேறு, பெரியவர்களுக்கானது வேறு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் பெரியவர்களுக்குச் செய்வதுபோல வயிற்றை அழுத்தவே கூடாது. தலை தாழ்ந்திருக்கக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் 5 தட்டு, திருப்பி மார்பில் 5 அழுத்தம் என்று மாறி மாறிச் செய்ய வேண்டும். படித்தால் கை பழகாது. பொம்மையை மடியில் வைத்துச் செய்து பழக வேண்டும்.

5. பாதுகாப்பு விதிகளை வேலைக்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள்

நல்ல நிறுவனம் உங்களைச் சந்தேகப்படுவது போலத்தான் நடந்துகொள்ளும். காவல்துறைச் சான்று கேட்பார்கள், பழைய வேலையிடத்துக்கு ஃபோன் செய்து விசாரிப்பார்கள், குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையில் கையெழுத்து வாங்குவார்கள். கோபப்படாதீர்கள். இவை எதையும் கேட்காமல் "நாளைக்கே வந்துவிடுங்கள்" என்று சொல்லும் இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். உங்களையே விசாரிக்காதவர்கள் வேறு யாரையும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

குழந்தைகளின் படத்தை உங்கள் ஃபோனில் எடுக்காதீர்கள். பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் எங்கேயும் போடாதீர்கள். நன்கொடை கேட்கும் சுவரொட்டிக்காக அழும் குழந்தையின் முகத்தைக் காட்டும் பழக்கத்தை நல்ல அமைப்புகள் கைவிட்டு வருகின்றன. எக்லன்டைன் ஜெப் அப்படித்தானே தொடங்கினார் என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். நூறு ஆண்டுகளில் நாம் கற்றுக்கொண்டதில் இதுவும் ஒன்று.

அப்புறம், நீங்கள் கண்டிப்பாகத் தயாராக இருக்க வேண்டிய ஒரு நிமிடம். ஒரு நாள், படம் வரைந்துகொண்டிருக்கும் குழந்தை தலையைத் தூக்காமலே, தனக்கு யாரோ செய்த ஏதோ ஒன்றைச் சொல்லும். பெரிய அறிவிப்பு மாதிரி இருக்காது. "நீல கலர் குடு" என்று கேட்பதற்கு முன்னும் பின்னும் வரும் ஒரு வாக்கியமாக இருக்கும். அப்போது உங்கள் முகம் மாறக்கூடாது. "யார்? எப்போது? இங்கே தொட்டாரா?" என்று அடுக்கடுக்காகக் கேட்கக்கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யவே கூடாது, ஏனென்றால் நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும். "நீ என்னிடம் சொன்னது நல்லது. உன் மேல் தப்பில்லை" என்று சொல்லுங்கள். நீல கிரேயானைக் கொடுங்கள். வாய்ப்புக் கிடைத்த உடனே, குழந்தை சொன்ன அதே வார்த்தைகளில், நேரம் போட்டு எழுதி, நிறுவனத்தில் இதற்கென்று பொறுப்பில் இருப்பவரிடம் அன்றைக்கே கொடுங்கள். பிறகு சட்டப்படி யாரிடம் புகார் போக வேண்டுமோ அங்கே போயிற்றா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏன் கேள்வி கேட்கக்கூடாது? ஆசிரியர் ஒருமுறை, தலைமையாசிரியர் ஒருமுறை, காவலர், மருத்துவர், வழக்கறிஞர் என்று ஆளுக்கொரு முறை கேட்கும்போது குழந்தை அதே வேதனையைத் திரும்பத் திரும்ப அனுபவிக்கிறது. வாக்குமூலமும் கேட்பவரின் வார்த்தைகளால் கலங்கிவிடுகிறது. இதை மாற்றத்தான் 1985-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலம் ஹன்ட்ஸ்வில்லில் முதல் குழந்தை ஆதரவு மையம் பிறந்தது. பயிற்சி பெற்ற ஒருவர், குழந்தை பயப்படாத ஒரு அறையில் பேசுவார். மற்ற துறையினர் குழந்தையிடம் வராமல் ஒருங்கிணைந்து வேலை செய்வார்கள். 1998-இல் ஐஸ்லாந்து 'பார்னஹூஸ்' என்று, அதாவது குழந்தைகளின் வீடு என்ற பெயரில், இதே வகையில் ஒன்றைத் தொடங்கியது. ஐரோப்பாவின் பல நாடுகள் அதைப் பின்பற்றின. உரிமை அமைப்பில் நேரடிப் பணிக்குப் போக விரும்புகிறவர்கள் குழந்தையிடம் வாக்குமூலம் பெறும் பயிற்சியைப் பற்றி விசாரித்து வையுங்கள். அதற்குத் தேர்ந்த ஆட்கள் எல்லா இடத்திலும் தேவைப்படுகிறார்கள்.

6. வேலையை எங்கே தேடுவது

சர்வதேச அமைப்புகளின் வேலைகளுக்கு ஐ.நா.வின் மனிதாபிமானப் பிரிவு நடத்தும் 'ரிலீஃப்வெப்' தளத்தில் நாடு வாரியாகவும் துறை வாரியாகவும் தேடலாம். யுனிசெஃப், சேவ் த சில்ட்ரன், பிளான் இன்டர்நேஷனல், எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் போன்றவை தங்கள் சொந்தத் தளங்களிலும் அறிவிக்கின்றன. யுனிசெஃப் ஆள் சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. அதன் பெயரைச் சொல்லி விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அது மோசடி.

ஆனால் பெரிய பெயர்களிலேயே கண்ணை வைத்திருக்காதீர்கள். அங்கே தொடக்கநிலை வேலைகள் குறைவு. சிறிய அமைப்பில் ஒரே வருடத்தில் களப்பணி, அறிக்கை, பெற்றோர் கூட்டம், நன்கொடை விண்ணப்பம் எல்லாம் கையில் வந்து விழும். திணறுவீர்கள், ஆனால் கற்றுக்கொள்வீர்கள். வேலை அறிவிப்பே வராத இடங்கள் இவை. நேரில் போய்ப் பேச வேண்டும், அல்லது அவர்கள் செய்த ஒரு வேலையைக் குறிப்பிட்டு இரண்டு பத்தியில் கடிதம் எழுத வேண்டும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்தியே சொல்கிறேன். பணம் கட்டிவிட்டு அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் 'தன்னார்வப் பணி' செய்யும் பயணத் திட்டங்கள் கவர்ச்சியாக விளம்பரம் செய்யப்படுகின்றன. போகாதீர்கள். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வந்து போகிறவர்களின் பணம்தான் சில இடங்களில் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவரத் தூண்டுகோலாகவும் இருக்கிறது. இரண்டு வாரம் ஒட்டிக்கொண்டு அன்பு காட்டிவிட்டு மறைந்துபோகும் ஆட்களைக் குழந்தை வருடம் முழுக்கச் சந்திக்கிறது. ருமேனியாவின் புகாரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில், காப்பகத்திலிருந்து வளர்ப்புக் குடும்பத்துக்கு மாற்றப்பட்ட குழந்தைகள், அங்கேயே இருந்தவர்களைவிட நன்றாக வளர்ந்தார்கள். சீக்கிரம் மாற்றப்பட்டவர்களுக்குப் பலன் அதிகம். ஆகவே குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்க்கப் பாடுபடும் அமைப்புகளில் வேலை தேடுங்கள்.

7. விண்ணப்பமும் நேர்காணலும்

பயோடேட்டாவில் "குழந்தைகளிடம் அன்பானவர், பொறுமைசாலி, கடின உழைப்பாளி" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் "3–4 வயதுப் பிள்ளைகள் 14 பேர் உள்ள வகுப்பில் ஆறு வாரம் உதவியாளர். வாரம் மூன்று கவனிப்புக் குறிப்புகள் எழுதினேன். பெற்றோர் சந்திப்புகளில் குறிப்பெடுத்தேன்" என்று போடுங்கள். எண்ணும் வயதும் வந்தவுடன் படிப்பவருக்கு உங்களை ஒரு அறையில் வைத்துப் பார்க்க முடிகிறது.

மழலையர் பள்ளி என்றால் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். பை நிறைய அட்டைகளும் மினுமினுப்புத் தாள்களும் கொண்டுபோக வேண்டாம். ஒரு கதை, ஒரு பாட்டு, கையில் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் போதும். குழந்தைகள் உங்கள் திட்டத்தை விட்டு விலகி வேறு எங்கோ போவார்கள், நிச்சயம் போவார்கள். அப்போது நீங்கள் திட்டத்தைப் பிடித்து இழுக்கிறீர்களா, குழந்தையைப் பின்தொடர்கிறீர்களா என்பதைத்தான் மூலையில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கிறார்கள்.

உரிமை அமைப்பின் நேர்காணலில் ஒரு சூழ்நிலையைச் சொல்லி "என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். உடனே "குழந்தையைக் காப்பாற்றுவேன்" என்று பாயாதீர்கள். குழந்தை இப்போது பாதுகாப்பாக இருக்கிறதா, யாரிடம் தெரிவிக்க வேண்டும், எதைச் செய்ய எனக்கு அதிகாரம் இல்லை, குழந்தையிடம் கேட்டேனா என்று வரிசையாக யோசித்துச் சொல்லுங்கள்.

கொள்கைப் பணிக்குப் போகிறவர்கள் பெர்ரி ஆய்வைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1962-இல் அமெரிக்காவின் மிஷிகனில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 123 குழந்தைகள். அவர்களில் 58 பேருக்கு மட்டும் மழலையர் கல்வி கிடைத்தது. எல்லோரையும் 40 வயது வரையும் அதற்குப் பிறகும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். மழலையர் கல்வி கிடைத்தவர்களின் வருமானம் கூடுதலாகவும், கைதான எண்ணிக்கை குறைவாகவும் இருந்தது. "சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு செலவு எதற்கு?" என்று கேட்கும் அதிகாரிகளின் முன்னால் பல ஆண்டுகளாக எடுத்து வைக்கப்படும் சான்று அது. எண்ணிக்கை சிறியது என்ற குறையையும் சேர்த்தே சொல்லப் பழகுங்கள், நம்பிக்கை கூடும். எனக்கு அதில் மிகவும் பிடித்த விஷயம் வேறு: அந்த ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் போனார்கள்.

8. நீங்களும் கேள்வி கேளுங்கள்

சம்பளத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மழலையர் ஆசிரியருக்குப் பெரும்பாலான நாடுகளில் மேல்வகுப்பு ஆசிரியரைவிடக் குறைவாகத்தான் தருகிறார்கள். இது நியாயமில்லை. இதை மாற்றப் போராடுவதும் குழந்தை உரிமைப் பணிதான், ஏனென்றால் சம்பளம் கட்டுப்படியாகாமல் ஆசிரியர் மாதாமாதம் மாறினால் இழப்பு குழந்தைக்கு. "சேவை மனப்பான்மை இருந்தால் பணத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் மயங்கிவிடாதீர்கள். தொகை, விடுப்பு, ஒப்பந்தக் காலம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். அமைப்புகளில் வேலை பெரும்பாலும் திட்ட நிதியைச் சார்ந்தது. நிதி முடியும் தேதியே உங்கள் வேலை முடியும் தேதியாகவும் இருக்கலாம், அதையும் கேட்டுவிடுங்கள்.

பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு பெரியவருக்கு எத்தனை குழந்தைகள் என்பது. அமெரிக்காவின் சிறு குழந்தைகள் கல்விக்கான தேசியச் சங்கம் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது 10 பேருக்கு ஒருவர், ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் கூடாது என்று. கைக்குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. நான் முதலில் சேர்ந்த இடத்தில் ஒரே அறையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் நானும் மட்டும். கேட்காமல் சேர்ந்தது என் தப்பு. மூன்று மாதத்தில், ஒரு பிள்ளை அழுதால் மற்ற முப்பத்தேழு பேரும் என்ன செய்வார்களோ என்ற பயத்தில் அழுகையை அடக்குவதே என் வேலையாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரின் குரல்கூட இன்றைக்கு எனக்கு நினைவில்லை.

வேலைக்குச் சேருவதற்கு முன் ஒரு நாள் முழுக்க உள்ளே உட்கார அனுமதி கேளுங்கள். பெரியவர்கள் குழந்தைகளிடம் பேசும்போது குனிகிறார்களா, தரையில் உட்காருகிறார்களா, தூரத்திலிருந்து பெயரைச் சொல்லிக் கத்துகிறார்களா என்று பாருங்கள். சுவரில் தொங்கும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால், அவற்றைப் பெரியவர்கள்தான் செய்திருக்கிறார்கள். உரிமை அமைப்பில் என்றால், மனம் கனக்கும் வழக்குகளைப் பார்த்த பிறகு பணியாளர்கள் பேசிக்கொள்ள ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். நேரடிப் பணியில் இருப்பவர்களுக்கு அது சாப்பாடு, தூக்கம் மாதிரி அவசியம்.

எல்லாம் சரியாக இருந்து வேலையும் கிடைத்துவிட்டதா? முதல் நாள் பையில் ஒரு மாற்று உடை வைத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்குள் தேவைப்படும். தொங்கும் காதணி, நீளச் சங்கிலி வேண்டாம். நோட்டும் சின்னப் பென்சிலும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். உள்ளே போனதும் அங்கே நீண்ட காலமாக இருக்கும் உதவியாளர் யார் என்று கேட்டு, அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்தக் குழந்தைக்கு எந்த மூலை பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.